ஜீப் கேரியரில் நான் போட்ட ஓட்டை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கப் போனால், ஒரு விள்ளல் எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். மைதா கலந்திருந்தால் அப்படித் தெரிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உண்மையில் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் தேய்ப்பேன். என் தலையைக் கண்டாலே கடைக்காரர், "வாங்க வாங்க, தேச்சுப் பாக்குறவிய வந்தாச்சு" என்று சத்தமாகவே சொல்லுவார். கடையில் நிற்கிற நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! ஏமாறுகிறவனைப் பார்த்துச் சிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தக் குணம் எனக்குத் தொழிலில் ஒட்டிக்கொண்டது. இராஜபாளையத்தில் ஒரு சின்ன பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருந்தேன். தறிக்காரர்களிடம் துணி வாங்கி, வெளுத்து, வெட்டி, சுற்றி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற வேலை. அதில் நடக்கிற தில்லுமுல்லு கொஞ்சநஞ்சமில்லை. பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியோடு வெள்ளைக் களிமண்ணைக் கலந்துவிடுவார்கள். துணி கனமாக, மொடமொடவென்று, ராஜா மாதிரி இருக்கும். வெளுக்கப் போட்டால் களிமண்ணெல்லாம் தண்ணீரோடு போய், கையில் சிலந்தி வலைதான் மிஞ்சும். முதல் வருஷமே இரண்டு தடவை என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்தார்கள். அதற்குப் பிறகு இழை எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடி இல்லாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை. கனமாக இருக்கிற எதைப் பார்த்தாலும், உள்ளே என்னத்தைப் போட்டிருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் தங்கச்சி மாப்பிள்ளைக்கு மில் வேலை போனது. நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்று கேட்டுக்கொள்கிற ஜாதி. அது எனக்கு ஆகவே ஆகாது. ஆனால் வண்டி ஓட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மலையில் ஒரு எஸ்டேட்டில் ஓடிய பழைய ஜீப் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, இருவரும் சேர்ந்து வாங்கினோம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சின்ன கியரைத் தட்டினால் சேறு, பாறை, ஓடை எதிலும் உறுமிக்கொண்டு ஏறிவிடும். குற்றாலம், மூணாறு, கார்த்திகை பிறந்தால் சபரிமலை என்று டூர் ஓட்டலாம் என்பது திட்டம்.

வண்டியில் ஆள் உட்காரத்தான் இடம் இருந்தது. எட்டுப் பேர் மலைக்குப் போனால் எட்டுப் பேர் மூட்டை, அரிசி, சமையல் பாத்திரம், ஸ்டவ் எல்லாம் போகும். அதற்கு மேலே கேரியர் வேண்டும். அதுவும் ஏனோதானோ கேரியர் இல்லை. காட்டுப் பாதையில் குலுங்குகிற வண்டிக்கு மேலே நிற்க வேண்டிய கேரியர்.

முதலில் மதுரைக்குப் போய் ரெடிமேட் கேரியர் பார்த்தோம். பளபளவென்று வெள்ளிப் பூச்சு. மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. நான் ஒரு குழாயைப் பிடித்து அழுத்தினேன். வளைந்தது. கடைக்காரர் முகம் சுருங்கியது. "இது காருக்கு சார், ஒரு சூட்கேஸ், ரெண்டு சூட்கேஸ் வைக்க" என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் அழுத்தாமல் இருந்திருந்தால் ஜீப்புக்கு என்றே கட்டிக் கொடுத்திருப்பார்.

அடுத்து, இராஜபாளையத்தில் லாரிக்கு பாடி கட்டுகிறவரிடம் போனோம். அவர் ஜீப்பைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "ஆங்கிள்ல அடிச்சுத் தாரேன். ஆனையவே ஏத்தலாம்" என்றார். அவர் பட்டறைச் சுவரோரம் ஆங்கிள் இரும்பு மலையாகக் குவிந்து துருப்பிடித்துக் கிடந்தது. சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று உடனே புரிந்துபோயிற்று. வேலைக்குக் கிலோ கணக்கில் கூலி பேசுகிறவர் கனமான இரும்பைத்தானே சிபாரிசு செய்வார்!

மூன்றாவதாகத்தான், ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் வன்னியம்பட்டியைத் தாண்டி ரோட்டோரம் இருந்த அந்தப் பட்டறைக்குப் போனோம். கூட்டிப்போனது மாப்பிள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் நிற்கிற வேன், ஜீப் டிரைவர்கள் எல்லோரும் அங்கேதான் கேரியர் போடுவார்களாம். தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. பட்டறைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அவரும் ஒரு கூலியாளும்தான். "ஏன் அண்ணாச்சி, ஒரு போர்டு மாட்டக் கூடாதா?" என்று கேட்டேன். "ஸ்டாண்டுல நிக்கிறவிய நாலு பேரு நல்லா இருக்குன்னு சொன்னாப் போதும். நல்லா இல்லன்னு சொல்லிட்டா, போர்டு மாட்டி என்ன செய்ய?" என்றார். அந்தப் பட்டறைக்கு இருந்த ஒரே முதல் அவர் பேர்தான். அதை அன்றைக்கே அவர் வாயால் கேட்டுவிட்டேன்.

அவர் ஜீப்பை மூன்று தடவை சுற்றி வந்தார். கீழே படுத்துப் பார்த்தார். கூரையின் ஓரத்தில் மழைத்தண்ணீர் வழிவதற்காக மடக்கியிருக்கிற தகரத்தை விரலால் தட்டினார். "கேரியர இதுல கிளாம்பு போட்டு மாட்டக் கூடாது. தகரம் பிச்சுக்கிடும். முன்னால பம்பர்லேருந்து ரெண்டு காலு, பின்னால சேஸிலேருந்து ரெண்டு காலு ஏத்தி நிறுத்தணும். கூரைக்கும் கேரியருக்கும் ஒட்டே இருக்கக் கூடாது" என்றார். ஆங்கிளா என்று கேட்டேன். "வேண்டாம். மேல கனம் ஏற ஏற, வளைவுல வண்டி சாயும். உங்க வண்டி ஏற்கெனவே உயரம். கனமான பைப்பா எடுத்து, மூலையில வெட்டி ஒட்டாம, வளைச்சே செய்யணும். ஒட்டு கொறஞ்சா ஒடியுற எடமும் கொறயும்."

கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு நியாயமாகப் பேசுகிறவன் எங்கேயாவது ஒரு பிடி வைத்திருப்பானே! கூலியும் இங்கே கிலோ கணக்குதான். செய்து முடித்த கேரியரைப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றி, எடை போட்டு வாங்கிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டேன். பைப்பை நானே கூட நின்று வாங்கினேன். ஒவ்வொரு துண்டின் வாயிலும் கண்ணை வைத்து, தகட்டின் பருமனைப் பார்த்தேன். இழைக் கண்ணாடியை எடுத்தபோது மாப்பிள்ளை ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை ஆரம்பித்த மூன்றாம் நாள். யூனிட்டில் லாரி லோடுக்கு நிற்கிறது, செத்த நேரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்குப் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பட்டறைக்காரர் ஒரு பைப்பைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, அதன் வாயில் புனல் வைத்து, மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார்! சலித்து, சட்டியில் வறுத்துக் காயவைத்த ஆற்று மணல். கூலியாள் பைப்பைச் சுத்தியலால் தட்டித் தட்டி மணலை இறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நிரப்பி முடித்த இரண்டு பைப்புகள், இரண்டு வாயிலும் மர ஆப்பு அடித்துக் கிடந்தன.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. களிமண் துணி ஞாபகம் வந்தது. அங்கே தண்ணீரில் போட்டால் சாயம் வெளுத்துவிடும். இங்கே இரண்டு வாயையும் வெல்டு வைத்து அடைத்துவிட்டால் எந்தக் கண்ணாடியாலும் பார்க்க முடியாதே!

"என்னய்யா இது அநியாயம்?" என்று கத்தினேன். "எடை ஏத்துறதுக்கு மண்ணு போடுதீரா? இரும்புக்குப் பேசுன கூலிய மண்ணுக்கும் வாங்கப் பாக்குதீரா?"

டீ குடிக்க ஒதுங்கியிருந்த இரண்டு வேன் டிரைவர்கள் கிளாஸும் கையுமாக ஓடி வந்தார்கள். பட்டறைக்காரர் புனலைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "மொதலாளி, வெறும் பைப்ப காய்ச்சி வளைச்சா வளைவுல சப்பிப் போவும். மண்ணு உள்ள இறுகி நின்னாத்தான் உருண்டையா வளையும். வளைச்சு முடிச்சதும் ஆப்பைக் கழட்டி, தட்டி எடுத்துருவேன். பொறவுதான் வெல்டு. நின்னு பாத்துட்டே போங்க" என்றார்.

நின்று பார்த்திருக்கலாம். ஒரு மணி நேரத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் லாரி நிற்கிறதே! "இந்தக் கதையெல்லாம் வேற ஆள்ட்ட விடும். என் காதுல பூ சுத்தாதேயும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மாப்பிள்ளையிடம் சொன்னபோது, "அவிய அப்படிச் செய்ய மாட்டாவ மச்சான்" என்றார். அவருக்கு மில் முதலாளியும் அப்படிச் செய்ய மாட்டார் என்றுதான் கடைசி நாள் வரை நம்பிக்கை.

கேரியர் தயாராகி, கறுப்புப் பெயின்ட் அடித்து, பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறியது. எடை நான் மனசில் போட்டு வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. நான் மனசில் போட்டதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் ஒன்றும் கிடையாது. பட்டறைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "சந்தேகமா இருந்தா குலுக்கிப் பாருங்க மொதலாளி, சத்தம் கேக்கும்ல" என்றார். குலுக்கினேன். சத்தமில்லை. இறுக அடைத்தால் எப்படிச் சத்தம் வரும்? வாயை மூடிக்கொண்டு கூலியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சியும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் மாப்பிள்ளை உள்ளே படுத்துவிட்டார். ஜீப் வீட்டை ஒட்டிய யூனிட் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணி வெட்டுகிற மிஷின் ரிப்பேருக்கு வைத்திருந்த கை டிரில்லை எடுத்துக்கொண்டு ஜீப்பின் மேல் ஏறினேன். பின்பக்கத்து மூலையில், தார்ப்பாய் மூடினால் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, கீழ்ச் சட்டத்தின் வளைவில், மேலிருந்து கீழாக ஒரு துளை போட்டேன்.

மணல் வரவில்லை. ஒரு கம்பியை விட்டுத் துழாவினேன். காலி. சுத்தமாகக் காலி.

அன்றைக்கு எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது என்ன தெரியுமா? பெருமை! நான் சத்தம் போட்டதால்தான் மண்ணை எடுத்திருக்கிறார், இல்லாவிட்டால் அப்படியே வைத்து அடைத்திருப்பார் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். துளையில் துணி சோப்பைப் பிசைந்து அடைத்தேன். பெட்ரோல் டேங்க் ஒழுகினால் டிரைவர்கள் சோப்பு வைத்து அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். மேலே கறுப்புப் பெயின்டைத் தொட்டு வைத்தேன். பெட்ரோலில் கரையாத சோப்பு மழையில் கரையும் என்பது அத்தனை சந்தேகக்காரனான எனக்குத் தோன்றவே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஆனால் மண் கதையை மட்டும் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில், இராஜபாளையம் ஸ்டாண்டில், டீக்கடையில், சலூனில், கல்யாண வீட்டுப் பந்தியில். "என்னய ஏமாத்தப் பாத்தான்யா, நான் விடுவனா? புனலும் கையுமா புடிச்சேன்ல" என்று ஆரம்பித்தால் சுற்றி ஆள் கூடிவிடும். கதைக்குக் கை கால் முளைத்தது. இரண்டு பைப்பில் இருந்த மண் நாலு பைப்பானது. நான் சொன்னதா, கேட்டவர்கள் சேர்த்ததா என்று எனக்கே குழப்பம். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிலர் மட்டும், "அவிய வேலை நல்லாத்தான இருக்கும்?" என்று இழுத்தார்கள். அப்படி இழுத்தவர்களை நான் விடாமல் பிடித்து முழுக் கதையையும் இன்னொரு தரம் சொன்னேன்.

இரண்டு வருஷம் ஜீப் ஓடு ஓடென்று ஓடியது. கேரியர் அசையவில்லை. தங்கச்சி வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. மூன்றாவது கார்த்திகையில் மாப்பிள்ளை எட்டு சாமிகளை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகப் போனார். நல்ல மழை. ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பும்போது பின்னால் மடாரென்று சத்தம். கேரியரின் பின்மூலை ஒடிந்து தொங்கிவிட்டது. சமையல் பாத்திரங்கள் ரோட்டில் உருண்டன. அரிசி மூட்டை பிரிந்து சேற்றில் கொட்டியது. பின்னால் வந்த பஸ் டிரைவர் எப்படியோ நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை கயிறு போட்டுக் கட்டி, சாமிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்து, திரும்பிக் கொண்டுவந்தும் விட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு, மாப்பிள்ளை வண்டி நிறுத்துகிற ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அதற்குள் ஜீப்பைச் சுற்றிக் கூட்டம். மாப்பிள்ளை ஒடிந்த முனையை ஒரு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து ஈரமும் செம்பழுப்புமாக ஒரு பிடி தூள் அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"ஆத்தாடி! மண்ணு!" என்றார் ஒரு வேன்காரர். "மொதலாளி அன்னைக்கே சொன்னாரேய்யா. நாமதான் நம்பல."

அது மண் இல்லை. துரு. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துபோயிற்று. உள்ளே மண் இல்லை என்பது உலகத்திலேயே எனக்கும் பட்டறைக்காரருக்கும் அவர் கூலியாளுக்கும்தான் தெரியும். ஒடிந்த இடம், வேப்பமரத்தடியில் நான் துளை போட்ட அதே மூலை. ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, "எப்பேர்ப்பட்ட ஆளுய்யா நீரு" என்கிற பார்வை, அதற்கு முன்னால் வாய் திறக்கவில்லை. மூன்று வேன், இரண்டு ஜீப்பாக எல்லோரும் பட்டறைக்குக் கிளம்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன்.

பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்தார். மாப்பிள்ளை குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு உயர்த்தினார். "அண்ணாச்சி, உங்கள நான் அம்புட்டு நம்புனேன். எட்டு உசுரு வண்டிக்குள்ள இருந்துச்சு. பின்னால பஸ்ஸு. ஏன் இப்படிச் செஞ்சிய?"

அவர் ஒடிந்த முனையைக் கையில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். ஒடிவின் நடுவில் பாதி வட்டமாக ஒரு இடம், சீராக, வழவழவென்று இருந்தது. "இதுல துளை போட்டிருக்கு. இது நான் போட்டதில்ல" என்றார்.

"நாங்க எதுக்குய்யா எங்க கேரியர்ல துளை போடப் போறோம்?" என்றார் மாப்பிள்ளை. பாவம், சத்தியமாக அப்படித்தான் நம்பினார். "ஒங்க தப்ப மறைக்க எங்க மேல பழியா?"

"தப்புன்னா நான் ஒத்துக்கிடுவேன் தம்பி. ஆனா இது துரு. அடைச்ச பைப்புக்குள்ள துரு எப்படி வரும்?"

கூட்டம் கேட்கிற நிலையில் இல்லை. அங்கே வந்த அத்தனை வண்டிகளின் மேலும் அவர் செய்த கேரியர்தான். முதலில் மண் என்று சொன்ன வேன்காரர், "பேச்செல்லாம் எதுக்கு? துளை போட்டுப் பாத்துருவோம்" என்று பட்டறையிலேயே கிடந்த டிரில் மிஷினை எடுத்துக்கொண்டு தன் வண்டி மேல் ஏறினார். இன்னொருவர் ஒயரைச் செருகினார்.

பட்டறைக்காரர் ஓடிப்போய் வண்டியைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்யா! துளை போடாதீங்க. தண்ணி உள்ள எறங்கும். எறங்குன தண்ணி வெளிய வராது. உள்ளயே நின்னு அரிச்சுப்புடும். வேணும்னா ஒரு ஓரத்த அறுத்துக் காட்டுதேன், பாத்துட்டு ஒட்டித் தாரேன்" என்று கெஞ்சினார்.

"பாத்தியளா, பயப்படுதாரு! உள்ள மண்ணு இல்லாமயா இந்தப் பதறு பதறுதாரு?" என்றார் மேலே நின்றவர்.

அது என் பேச்சு. என் நாக்கிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. நானாக இருந்தாலும் அதே இடத்தில் அதையேதான் சொல்லியிருப்பேன். டிரில் சுற்ற ஆரம்பித்தது. இரண்டு வருஷம் கழித்து ஏதோ ஒரு மலை இறக்கத்தில் அந்த வேன் போவது என் கண்முன்னே வந்தது.

"ஏலே, நிறுத்துலே!" என்று கத்தினேன். "அந்தத் துளைய போட்டது நான்தான். உள்ள மண்ணு இல்ல. நான் பாத்தேன்."

டிரில் நின்றது. வேப்பமரம், கை டிரில், சோப்பு எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. தன் கையில் ஒட்டியிருந்த துருவை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பட்டறைக்காரர்தான் கேட்டார். "எப்ப போட்டிய மொதலாளி?"

"வண்டி எடுத்துட்டுப் போன மறுநா."

"மறுநாளே பாத்துட்டிய. மண்ணு இல்லன்னு தெரிஞ்சு போச்சு. அதுக்குப் பொறவும் ரெண்டு வருசமா ஊரு ஊராப் போயி மண்ணு மண்ணுன்னு சொன்னியளே, அது ஏன்?"

நான் சத்தம் போட்டதால்தான் எடுத்தீர்கள் என்று நினைத்தேன் என்று முனகினேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, மாப்பிள்ளையிடம், "வண்டிய உள்ள விடுங்க தம்பி, அந்த மூலைய வெட்டிட்டுப் புதுசா வளைச்சு வைக்கணும்" என்றார். கூலியாளைப் பார்த்து மணலை வறுக்கச் சொன்னார்.

நான் உதவிக்குப் போனேன். மாப்பிள்ளை வழியில் வந்து நின்றார். "நீங்க பஸ்ஸுல போங்க மச்சான்" என்றார். போனேன்.

தங்கச்சி ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. வீட்டுக்குப் போனால் காபி வரும், பேச்சு வராது. ஒருநாள் ஜீப் பக்கம் போய்ச் சும்மா டயரைப் பார்த்தேன். வாசலிலிருந்தே, "அண்ணே, அதத் தொடாத" என்றாள். அவ்வளவுதான் அந்த ஆறு மாதத்தில் அவள் என்னிடம் சொன்னது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டுக்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் நான் கதையை அங்கே மட்டுமா விதைத்தேன்? இராஜபாளையத்து வண்டிகள், சிவகாசி வண்டிகள், தென்காசி பக்கத்து வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அடுத்த கார்த்திகைக்கு முன்னால் அந்தக் கொட்டகை வழியாகப் போனேன். வாசலில் கேரியர் ஒன்றுகூட இல்லை. ஜன்னல் கிராதியும் மாட்டுக் கொட்டகைக் கம்பியும் சாய்ந்து கிடந்தன. சீசன் நேரத்தில் அந்த மனிதர் ஜன்னல் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தார். இறங்கிப் பேச முகமில்லை.

சரி, கெடுத்த வாயால் சரிசெய்வோம் என்று இராஜபாளையம் ஸ்டாண்டில் போய் நின்றேன். புதிதாக ஜீப் வாங்கிய ஒரு டிரைவர், கேரியருக்கு ஆங்கிளா பைப்பா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பட்டறைக்குப் போகச் சொன்னேன். மண் எதற்குப் போடுகிறார்கள், எப்போது எடுக்கிறார்கள், ஓட்டை போட்டது யார், துரு எப்படி வந்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

"மொதலாளி, ரெண்டு வருசம் முன்னால நீங்கதான மண்ணப் புடிச்சேன்னு இதே எடத்துல நின்னு சொன்னிய? இப்ப இப்படிச் சொல்லுதிய." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எம்புட்டு குடுத்தாரு?"

ஒன்றுமே கொடுக்கவில்லை என்றேன். சத்தியம் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே, ஆங்கிள் மலை குவிந்திருக்கிற லாரி பட்டறைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.